மூத்த தாய்மாமன் ஃபோல்டர்

மதுஷாவை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அவள் கிளிப்புகளுக்குப் பெயர் வைத்தாள். அவ்வளவுதான்.

எங்கள் ஸ்டூடியோ பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்து, வெட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்போம். முதலாளி ஷுக்ரி நானா. கேமராவுக்குக் கஜேந்திரன். எடிட்டிங்குக்கு நான், சிவசக்தி. பதினொரு வருடமாக நான் ஒருத்திதான். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஊரில் உள்ளவர்களின் தாலிகட்டுகளையெல்லாம் வெட்டி ஒட்டிய கை இது.

கேமராவிலிருந்து வரும் ஒவ்வொரு கிளிப்புக்கும் கேமராவே ஒரு நம்பர் போட்டுத் தரும். நான் அதை மாற்றியதே இல்லை. எதற்கு மாற்ற வேண்டும்? ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தால் போதும், முகங்கள் வந்து என் தலைக்குள் உட்கார்ந்துகொள்ளும். பச்சைச் சேலை அத்தை அழுதது 233. மாப்பிள்ளையின் தம்பி வடையோடு ஓடியது 417. கஜேந்திரன் வாயைப் பிளப்பான். "அக்கா தலைக்குள்ளயே ஒரு ஹார்ட் டிஸ்க் ஓடுது" என்பான். அதைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு மதியச் சாப்பாடே வேண்டியிருக்காது.

பண்டாரவளையில் ஒரு கிளை திறக்கப்போவதாக ஷுக்ரி நானா சொன்ன மாதத்தில்தான் மதுஷா வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது. பதுளையிலேயே ஆறு மாத கோர்ஸ் படித்தவள். எங்கள் இருவரில் ஒருத்தி இங்கே இருப்பது, மற்றவள் பண்டாரவளைக்குப் பொறுப்பாகப் போவது என்று நானா சொன்னார். யார் எங்கே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பதினொரு வருடம் பெரிதா, ஆறு மாதம் பெரிதா?

முதல் நாள் காலையில் அவள் ஒரு ஷாட் கூட வெட்டவில்லை. மதியம் வரைக்கும் உட்கார்ந்து பெயர்தான் வைத்தாள். ஒவ்வொரு கிளிப்பையும் திறப்பாள், பார்ப்பாள், பெயர் அடிப்பாள். பிறகு ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைப்பாள். முன்னால் 01, 02 என்று இலக்கம் வேறு.

"அது என்ன சைபர்?" என்று கேட்டேன்.

"வெறும் ஒண்ணுன்னு வச்சா சில நேரம் அதுக்கு அடுத்தாப்புல பத்து வந்து நிக்கும்க்கா. சைபர் போட்டா வரிசை கலையாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது.

அதோடு விட்டாளா? படத்தில் தெரியாத முகம் வந்தால், அந்த இடத்தை ஒரு போட்டோவாக எடுத்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரர்களுக்கு அனுப்புவாள். "இவங்க உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்பாள். பதில் வந்ததும் அதையே பெயராக வைப்பாள். 'ஹாலிஎல சின்னத்தை', 'மாப்பிள்ளையின் கூட்டாளி, பலூன்.' வாடிக்கையாளர்களுக்கு அது ஏனோ அப்படியே பிடித்துப்போனது. 'அந்தப் புள்ள இருக்குதா?' என்று கேட்டே போன் வர ஆரம்பித்தது. பதினொரு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் வீட்டில் கிடந்தேன். முன்பெல்லாம் நான் லீவு என்றால் நானா, 'நாளைக்கு வாங்க, புள்ள இல்ல' என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார். எனக்குக் காய்ச்சலிலும் அது ஒரு சந்தோஷம். இந்தத் தடவை திரும்பி வந்தபோது மேசை சுத்தமாக இருந்தது, வேலை எதுவும் தேங்கியிருக்கவில்லை. யாரோ ஒரு அம்மா வந்து தன் அண்ணன் மொய் எழுதுகிற இடம் மட்டும் வேண்டும் என்றாளாம். மதுஷா பெயரைத் தட்டி, அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாளாம்.

"அரை நிமிசம், சிவசக்தி!" என்றார் நானா. "மாஷா அல்லாஹ், என்ன ஒழுங்கு! நீங்களும் கொஞ்சம் இது மாதிரி பேரு வச்சுப் பழகுங்களேன்."

நான் இல்லாமலும் கடை ஓடுகிறது. அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி நானா" என்றேன்.

பழகத்தான் செய்தேன். அதுவும் அவளிடம் கேட்காமல். ஒரு கல்யாணத்தை முக்கால்வாசி வெட்டி முடித்திருந்தேன். மதுஷா சாப்பிடப் போன நேரம் பார்த்து, கிளிப்புகள் கிடக்கிற இடத்துக்கே போய், ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பெயர் மாற்றினேன். தொண்ணூறு கிளிப். மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. மணமகனும் இல்லை, மணமகளும் இல்லை. பழைய பெயரில் தேடிப் பார்த்துவிட்டு, கிளிப்புகளே காணாமல் போய்விட்டதாக மென்பொருள் நினைத்துக்கொண்டது. என் முகத்தில் ஈயாடவில்லை. நேரம் பார்த்து நானாவும் உள்ளே வந்தார், பின்னாலேயே மதுஷாவும் வந்தாள்.

"பயப்படாதீங்கக்கா, ஒண்ணும் அழியல. வெளிய மாத்துனா இதுக்குத் தெரியாது. உள்ளுக்குள்ளயே மாத்தணும்" என்றாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, கிளிப்புகள் இருக்கிற இடத்தை ஒவ்வொன்றாக மென்பொருளுக்குக் காட்டினாள். சிவப்பு மறைந்து கல்யாணம் திரும்பி வந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் கொஞ்சம் இளக்காரமாகப் பேசியிருந்தால் கூடத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். அதற்கும் அவள் வழி வைக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பூனாகலையிலிருந்து ஒரு சடங்கு வீடியோ வந்தது. வீட்டுக்காரி ஜீவராணி. பெரியபிள்ளையான மகளுக்குச் சீர் கொண்டு வந்தவர்கள் ஜீவராணியின் இரண்டு அண்ணன் தம்பிமார். மூத்தவர் வீரய்யா, பசறைப் பக்கத் தோட்டத்தில் வேலை. இளையவன் ரஜீவ், கட்டாரில் வேலை செய்கிறவன், இதற்காகவே லீவில் வந்திருந்தான். எங்கள் பக்கத்தில் சீர் வரிசைக்கு ஒரு முறை இருக்கிறது. யார் எத்தனை தட்டுக் கொண்டு வந்தாலும் மூத்த தாய்மாமன் முன்னால், இளையவன் பின்னால். வீடியோவிலும் அப்படித்தான் வர வேண்டும். அது தப்பினால் அந்த வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் போக்குவரத்தே நின்றுபோகும்.

மதுஷா திங்கட்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாள். ஜீவராணிக்கு போட்டோ அனுப்பிக் கேட்டு, '04 மூத்த தாய்மாமன்', '05 இளைய தாய்மாமன்' என்று இரண்டு ஃபோல்டர் செய்தாள். பிறகு வேறொரு கல்யாணம் அவசரமாக வந்ததால் இதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் சாப்பிடப் போனதும் அந்த இரண்டு ஃபோல்டரையும் திறந்து பார்த்தேன். ரஜீவ் பட்டு வேட்டி, கூலிங் கிளாஸ், பின்னால் இருபத்தொரு தட்டு. வீரய்யா மண்ணிறச் சட்டை, தலையைப் படிய வாரியிருந்தார். பின்னால் ஐந்து தட்டு. தேங்காய், வாழைப்பழம், சேலை, வளையல், பலகாரம். அந்தச் சட்டை புதிது. மடிப்புக் கூட இன்னும் போகவில்லை. ஐந்து தட்டுக்கு ஒரு தோட்டத்து ஆள் எத்தனை மாதம் பல்லைக் கடித்திருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் லயத்து ஆள்தானே. தெரிந்துதான் செய்தேன்.

இந்தத் தடவை வெளியே மாற்றவில்லை. அவள் சொல்லிக் கொடுத்த மாதிரியே உள்ளுக்குள்ளேயே மாற்றினேன். நாலுக்கு ஐந்து, மூத்தவனுக்கு இளையவன். ஒரு நிமிட வேலை. திரை சிவக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை.

என் கணக்கு இதுதான். வீட்டுக்காரர்கள் பார்க்க வருவார்கள், கூச்சல் போடுவார்கள். பெயரை நம்பி வெட்டுகிறவளின் லட்சணம் நானாவுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்து வெட்டுகிற ஒருத்தி பதினொரு வருடமாக இங்கே இருப்பது அப்போது அவருக்கு ஞாபகம் வரும்.

வெள்ளிக்கிழமை அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"அக்கா, இங்க பாருங்களேன். மூத்தவர் சின்னவர விட எளசா தெரியிறாரே?"

அப்போதாவது என் வாயிலிருந்து உண்மை வந்திருக்கலாம். "வெளிநாட்டுல இருக்கிறவங்க அப்படித்தான் இருப்பாங்க. வெயில்ல கொழுந்துக் கூடையோட நிக்கிறாங்களா என்ன?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அவள் போனை எடுத்து திங்கட்கிழமை வந்த பதிலைப் பார்த்திருக்கலாம். நான் சொன்ன பிறகு அவளுக்கு அது தேவைப்படவில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். கடைசி கொப்பி போடும் முன் வீட்டுக்காரர்கள் வந்து பெரிய டீவியில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீவராணியும் புருசனும் வந்தார்கள். பின்னாலேயே வீரய்யா படியேறி வந்தார். அதே மண்ணிறச் சட்டை. ரஜீவ் கட்டாருக்குத் திரும்பிப் போய்விட்டானாம்.

"அண்ணன் இன்னும் ஒண்ணும் பாக்கல. அவருதான் மொதல்ல பாக்கணும்னு பசறையில இருந்து வரச் சொன்னேன்" என்றாள் ஜீவராணி. நடுவில் இருந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். மதுஷா எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்தாள். நானா படத்தை ஓடவிட்டார், நான் கதவோரம் நின்றேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆசையில்தான் அடித்துக்கொண்டது, பொய் சொல்ல மாட்டேன்.

தப்பு மேளச் சத்தத்தோடு சீர் வரிசை தொடங்கியது. 'மூத்த தாய்மாமன் சீர்' என்று தங்க எழுத்தில் விழுந்தது. கூலிங் கிளாஸோடு ரஜீவ் வந்தான். இருபத்தொரு தட்டும் ஒவ்வொன்றாக, ஒரு முழுப் பாட்டுக்கு, மெதுவாக நகர்ந்தது. பிறகு 'இளைய தாய்மாமன் சீர்.' வீரய்யா வந்தார். ஐந்து தட்டு. பாட்டின் ஒரு சரணம் முடியும் முன் அவரும் முடிந்து போனார்.



"நிப்பாட்டுங்க! என்னங்க இது?" என்று ஜீவராணி எழுந்தாள்.

"ஓடட்டும் புள்ள" என்றார் வீரய்யா. பிளேன்டீயைக் குடித்து முடித்து, கிளாஸைத் தரையில் ஓரமாக வைத்தார். "சரியாத்தான் போட்டிருக்காங்க. தட்டப் பாத்து வச்சிருக்காங்க."

"அண்ணே, நான் அப்படிச் சொல்லவே இல்லண்ணே. கோயில்ல வந்து சத்தியம் பண்றேன்."

"நான் ஒன்னையச் சொல்லல. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு, என்னைத் தாண்டி, படியில் இறங்கிப் போனார். கூச்சலும் இல்லை, சண்டையும் இல்லை. நான் காத்திருந்தது இதற்கு இல்லை.

படம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. கடைசியில் ஸ்டூடியோ பெயர் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. 'படத்தொகுப்பு: சிவசக்தி, பண்டாரவளைக் கிளைப் பொறுப்பாளர்.'

நான் இரண்டு தடவை வாசித்தேன்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார் நானா, தலையைக் குனிந்துகொண்டு. "பூனாகலை ஆளுங்களுக்கு டவுன் பண்டாரவளைதானே, ஒங்க பேரு அந்தப் பக்கம் தெரியட்டும்னுதான். அடுத்த கிழமை ஒங்ககிட்ட சொல்ல இருந்தேன்."

ஜீவராணி திரையைக் காட்டிக் கேட்டாள். "யாருங்க அந்த சிவசக்தி? எங்கண்ணன அசிங்கப்படுத்துனது யாரு?"

நான் வாயைத் திறக்கும் முன் மதுஷா முன்னால் வந்து நின்றாள். "அந்தக்கா இல்லீங்க. பேரு மட்டுந்தான் அவங்களோடது. வெட்டுனது நான். ஃபோல்டருக்குப் பேரு வைக்கிறப்ப நான்தான் மாத்தி வச்சிட்டேன் போல. என்னைய மன்னிச்சிருங்கம்மா." கண்ணீர் அவள் கன்னத்தில் வழிந்தது. ஜீவராணி கூட ஒரு நொடி இளகிப் போனாள். நானா மதுஷாவைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை.

அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். செய்யாத தப்புக்கு அழுது, அதிலும் நல்ல பேர் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். என் தப்பைக் கூட எனக்கு மிச்சம் வைக்க மாட்டாளா?

"அவ மாத்தல. நான் மாத்துனேன்" என்று கத்தினேன். "வியாழக்கெழம மத்தியானம், அவ சாப்பிடப் போனப்ப. அவ சரியாத்தான் வச்சிருந்தா. வெள்ளிக்கெழம அவளுக்குச் சந்தேகம் வந்து என்கிட்ட கேட்டா. அப்பவும் பொய் சொன்னேன்."

மதுஷா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எந்த நம்பரிலும் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. யாரும் எதுவும் கேட்கும் முன் படியில் இறங்கி ஓடினேன்.

பசறை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வீரய்யா நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றேன். மூச்சு வாங்கியது.

"ஐயா, நான் அந்த ஸ்டூடியோவுல வேலை செய்யிறவ. அது தட்டப் பாத்து வச்சதில்லீங்க. ஒங்க தங்கச்சி சரியாத்தான் சொல்லியிருந்தாங்க. நான்தான் வேணும்னே மாத்துனேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு நான் என்னம்மா செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலங்க. ஒங்கள எனக்கு முன்னப்பின்னத் தெரியாது. கூட வேலை செய்யிற புள்ள மேல எனக்குப் பொறாமை. அவளுக்குக் கெட்ட பேரு வரணும்னு செஞ்சேன். இன்னைக்கே சரி பண்ணிடுறேன். ஒங்கள மொதல்ல வச்சி, முழுப் பாட்டும் போட்டு..."

முன்சீட்டில் இருந்த பொம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதன் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு தட்டுன்னு எளக்காரமா நெனச்சிட்டாங்கன்னுதான் எறங்கி வந்தேன்" என்றார். "வலிச்சிச்சி. ஆனா அந்த எளக்காரத்துலயும் நான் இருந்தேன்மா. நான் கொண்டாந்த தட்டு இருந்திச்சி. நீ சொல்றதுல நான் ஆளே இல்லையே."

டிரைவர் கியரைப் போட்டார். கண்டக்டர் கதவோரம் நின்று தட்டினான்.

"பஸ் எடுக்கப் போறான்" என்றார் வீரய்யா. "எறங்கிக்கம்மா."

நான் இறங்கினேன்.